பதினெட்டு வயதோடு நின்ற அளவுகோல்

அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் எந்தெந்த வேலைகளைத் தானே செய்துகொள்கிறார், எவற்றுக்குத் துணை வேண்டும், அவருடைய நடத்தையில் எது அவருக்கோ பிறருக்கோ இடைஞ்சலாக இருக்கிறது என்பதை முறையாகப் பார்த்துப் பதிவு செய்வது மதிப்பீடு எனப்படுகிறது. இதில் மூன்று அளவுகள் உண்டு. சிந்திக்கும், கற்கும் ஆற்றலை நுண்ணறிவுச் சோதனை அளக்கிறது. உண்பது, உடுத்துவது, சில்லறை எண்ணுவது, பேருந்து ஏறுவது போன்ற அன்றாடத் திறன்களைத் திறன் அளவுகோல் அளக்கிறது. கோபம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது, ஒதுங்கி உட்காருவது போன்றவற்றை நடத்தைப் பட்டியல் குறித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் இந்த மூன்றும் முதலில் குழந்தைகளுக்காகவே வந்தன. சிறப்புப் பள்ளியின் தேவையால் வளர்ந்தன. அரசுச் சான்றிதழின் தேவையோடு பெரும்பாலும் நின்றுவிட்டன. அந்தப் பள்ளிகளில் படித்த முதல் தலைமுறைக் குழந்தைகள் இப்போது ஐம்பதையும் அறுபதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். மதுரையிலும், ஒத்தக்கடை, மேலூர் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இன்று எழும் கேள்வி, குழந்தைக்காகச் செய்த அளவுகோல் முதியவரை அளக்குமா என்பதுதான்.

சட்டத்தின் முதல் வகைப்பாடு

ஆங்கிலேயர் ஆட்சியின் சட்டத்தில் அறிவுசார் குறைபாட்டுக்குத் தனி இடம் இருந்ததில்லை. சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் விடுதி 1794-ல் தொடங்கியது. கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள மனநலக் காப்பகத்தின் தொடக்கம் 1871. அங்கே மனநோய் உள்ளவரும் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவரும் ஒரே சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டார்கள். 1912-ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம், பிறவியில் அறிவு குறைந்தவரையும் சித்தம் பிறழ்ந்தவரையும் ஒரே வரையறைக்குள் வைத்தது. ஒருவர் காப்பகத்துக்குப் போக வேண்டியவரா, சொத்தை நிர்வகிக்கத் தகுதி உள்ளவரா என்பது மட்டுமே அந்தச் சட்டத்தின் கேள்வி. அவர் என்ன செய்யக்கூடியவர் என்பதை அது கேட்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதே வழியில் போனது. 1881 முதல் 1931 வரை பைத்தியம், செவிட்டூமை, குருடு, தொழுநோய் என்று நான்கு குறைகளே கணக்கிடப்பட்டன. லேசான அறிவுசார் குறைபாடு உள்ளவர் இந்த நான்கில் எதிலும் சேரவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் நீண்ட காலம் இதே நிலைதான். 2001 கணக்கெடுப்பில் மனம் சார்ந்த குறைபாடு என்று ஒரே ஒரு பிரிவு இருந்தது. மனநோயும் அறிவுசார் குறைபாடும் தனித்தனியாகப் பிரிந்தது 2011-ல்தான். அந்த ஆண்டில் இந்தியாவில் சுமார் 15 லட்சம் பேரும், தமிழ்நாட்டில் சுமார் 1 லட்சம் பேரும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களாகப் பதிவானார்கள்.

கணக்கில் வராதவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. யானைமலை அடிவாரத்தில், மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருச்சி போகும் சாலையில் அமைந்த ஒத்தக்கடையைச் சுற்றி அன்று வயல்களே அதிகம். பெரியாறு அணை 1895-ல் திறந்த பிறகு அதன் கால்வாய்ப் பாசனம் மதுரைக்கு வடக்கிலும் மேலூர்ப் பக்கமும் நெல் சாகுபடியைப் பெருக்கியது. மாடு மேய்ப்பது, தண்ணீர் சுமப்பது, நாற்றுக் கட்டு எடுத்துக் கொடுப்பது, களத்தில் நெல் காவல் இருப்பது என்று எழுத்தறிவு கேட்காத வேலைகள் அங்கே நிறைய இருந்தன. லேசான குறைபாடு உள்ளவர் அந்த வேலைகளில் ஒன்றைப் பழகிக்கொண்டு, கூலிக் கணக்கைத் தமையனிடம் விட்டுவிட்டுக் காலம் தள்ள முடிந்தது. ஊர் அவரை வெகுளி என்றோ புத்தி மட்டு என்றோ சொல்லும். அதற்கு மேல் அளக்க வேண்டிய தேவை எழவில்லை. பள்ளிக்கூடமும் படிவமும் கைபேசியும் ஒவ்வொன்றாக வந்தபோதுதான் அந்தக் குறைபாடு வெளியே தெரிந்தது. அமெரிக்காவிலும் இப்படியே நடந்தது. பள்ளி நேரத்தில் மட்டும் குறைபாடு உள்ளவராகத் தெரிந்து, வீட்டிலும் தெருவிலும் சாதாரணமாக நடமாடும் குழந்தைகளை அந்நாட்டு அரசுக் குழு ஒன்று 1969-ல் ஆறு மணி நேரக் குறைபாட்டுக் குழந்தைகள் என்று குறிப்பிட்டது. ஒருவருடைய செயல்திறன் அவர் உடம்புக்குள் மட்டும் இல்லை, அவரைச் சுற்றிய வேலையிலும் ஊரிலும் இருக்கிறது என்ற பாடம் முதுமை மதிப்பீட்டில் மறுபடி வரும்.

பாரிசிலிருந்து நாக்பூர் வரை

நுண்ணறிவை எண்ணால் அளக்கும் முயற்சி 1905-ல் பாரிசில் தொடங்கியது. பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டுபிடிக்க ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் ஒரு சோதனை செய்தார்கள். 1916-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தியமைத்தபோது ஐ.க்யூ. எனப்படும் நுண்ணறிவு ஈவு பரவலானது. இந்தியாவில் லாகூரின் ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த சி. ஹெர்பர்ட் ரைஸ் 1920-களில் இந்துஸ்தானி மொழிக்கு அதைக் கொண்டுவந்தார். 1930-களில் வி. வி. காமத் மராத்தி, கன்னடக் குழந்தைகளுக்கு ஏற்றபடி அதை மாற்றினார். பினே-காமத் சோதனை என்ற பெயரில் அது இன்றும் மருத்துவமனைகளில் புழங்குகிறது.

எண் மட்டும் போதாது என்பது சீக்கிரமே தெரிந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வைன்லாந்து பயிற்சிப் பள்ளி என்ற நிறுவனத்தில் ஆய்வு இயக்குநராக இருந்த எட்கர் டால், ஒரே ஈவு உள்ள இருவரில் ஒருவர் தோட்டவேலை செய்து பிழைப்பதையும் மற்றவர் சட்டைப் பொத்தான் போடவே துணை தேடுவதையும் கவனித்தார். அந்த வித்தியாசத்தை அளக்க 1935-ல் வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலை வெளியிட்டார். தேர்வுத்தாள் இல்லாமல், அந்த நபரை நன்றாக அறிந்த ஒருவரிடம் கேட்டுப் பதிவு செய்வது அதன் முறை. தன் வேலையைத் தானே செய்வது, உண்பது, உடுத்துவது, தன்னைத் தானே நடத்திக்கொள்வது, தொழில், பேச்சு, நடமாட்டம், சமூகப் பழக்கம் என்று எட்டுத் துறைகளை அது பார்த்தது. மொத்தம் 117 கூறுகள். வளர்ந்தவர்களுக்கான கூறுகளும் அவற்றுள் உண்டு.

நாக்பூரின் ஏ. ஜே. மாலின் இதை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றார். அவருடைய வடிவத்தில் 89 கூறுகள், பிறப்பு முதல் 15 வயது வரை. குழந்தை வழிகாட்டு மையத்துக்கு அதுவே போதுமானது. பின்விளைவு வேறாக இருந்தது. நாடு முழுவதும் மருத்துவமனைகளில் இந்த வடிவமே பரவியதால், 25 வயதுக்காரரும் 65 வயதுக்காரரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கான அளவில் நிறுத்தப்பட்டார்கள். அமெரிக்காவில் மூல அளவுகோலே 1984-ல் முழுதாக மாற்றப்பட்டது. 2005-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 90 வயது வரை அளக்கிறது. இந்தியச் சான்றிதழ் முறை பழைய வடிவத்திலேயே தங்கியது.

இதற்கிடையே மருத்துவ உலகின் வரையறையும் மாறியிருந்தது. மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கான அமெரிக்கச் சங்கம் 1959-ல் வரையறைக்குள் அன்றாட நடத்தையைக் கொண்டுவந்தது. கசுவோ நிஹிராவும் உடன் பணியாற்றியவர்களும் 1969-ல் அதற்கென ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நுண்ணறிவு ஈவு குறைந்திருப்பது மட்டும் போதாது, அன்றாட வாழ்விலும் குறை இருந்தால்தான் குறைபாடு என்ற கருத்து அப்போது உறுதிப்பட்டது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த இரட்டை வரையறையையே ஏற்றுக்கொண்டது.

சென்னையின் 360 கேள்விகள்

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது பால விஹார் என்ற சிறப்புப் பள்ளி. சமூக சேவகி மேரி கிளப்வாலா ஜாதவ் வழிநடத்திய கில்டு ஆஃப் சர்வீஸ் அமைப்பின் கீழ் 1953-ல் சென்னையில் அது பிறந்தது. இதே குழந்தைகளுக்காகப் பம்பாயில் ஜெய் வகீல் பள்ளி தொடங்கி ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. பால விஹாரின் பயிற்சிப் பள்ளி சிறப்பாசிரியர்களை உருவாக்கியது. அதன் முதல்வராக இருந்தவர் பி. ஜெயச்சந்திரன்.

ஆசிரியருக்குத் தேவைப்பட்டது மருத்துவர் கொடுக்கும் எண் அல்ல. ஈவு 45 என்று எழுதிய சீட்டு வைத்துக்கொண்டு நாளைக் காலை வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானிக்க முடியாது. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கி, சென்னையின் விஜய் ஹியூமன் சர்வீசஸ் வெளியிட்ட சென்னை வளர்ச்சித் திட்ட முறை இந்தக் குறையைத் தீர்த்தது. தமிழ்நாட்டுச் சிறப்பாசிரியர்களுக்குப் பழக்கமான எம்.டி.பி.எஸ். என்ற சுருக்கப் பெயர் அதற்குத்தான். உடல் அசைவு, கைவிரல் நுணுக்கம், உணவு, உடை, சுத்தம், கழிவறைப் பழக்கம், கேட்டுப் புரிவது, பேசுவது, பழகுவது, படிப்பு, எழுத்து, எண், நேரம், பணம், வீட்டு வேலை, ஊரை அறிதல், பொழுதுபோக்கு, தொழில் என்று 18 துறைகள். துறைக்கு 20 கூறுகள்; மொத்தம் 360. எளிதானதிலிருந்து கடினமானது வரை அவை வரிசையாக இருக்கும்.

பதிவு முறை எளிமையானது. செய்தால் ஒரு குறி, செய்யாவிட்டால் வேறு குறி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே தாளில் மறுபடி பார்க்க வேண்டும். எந்தத் துறையில் எந்த இடத்தில் நின்றுவிட்டார் என்று பார்த்தால், அடுத்துக் கற்பிக்க வேண்டியது என்ன என்பது தானாகத் தெரியும். எல்லாக் கூறும் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதப்பட்டதால், சாந்தமானவர், பிடிவாதக்காரர் போன்ற அடைமொழிகளுக்கு இடமில்லை. அந்தத் தாளின் பெரிய பலம் இதுதான். அதன் வரம்பும் இதிலேயே இருந்தது. படிக்கட்டுகள் எல்லாம் மேலே ஏறுவதற்காகவே அமைந்தவை. ஒருமுறை கற்றதை ஒருவர் பின்னாளில் இழக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு அந்த அமைப்பில் இல்லை.

செகந்திராபாத்தில் 1984-ல் தொடங்கிய தேசிய மனவளர்ச்சிக் குறைபாடு நிறுவனம் அடுத்த கட்டத்தை எடுத்துச் சென்றது. அங்கே ரீட்டா பேஷாவாரியாவும் எஸ். வெங்கடேசனும் 1992-ல் இந்தியக் குழந்தைகளுக்கான நடத்தை மதிப்பீட்டு அளவுகோலை வெளியிட்டார்கள். முதல் பகுதியில் 280 திறன்கள். இரண்டாம் பகுதியில் அடிப்பது, பொருளை உடைப்பது, தன்னைக் காயப்படுத்துவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது போன்ற 75 பிரச்சினை நடத்தைகள். ஒவ்வொரு நடத்தையும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி என்று பதிவாகும். எந்த நடத்தைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று பார்த்து அதன் காரணத்தைத் தேடும் வழக்கமும் இந்த நிறுவனத்தின் பயிற்சிகள் வழியே சிறப்புப் பள்ளிகளுக்குப் பரவியது. வளர்ந்தவர்களுக்கென்று தனி அளவுகோல் ஒன்றை அதே நிறுவனம் 2000-ல் கொண்டுவந்தது. பதினெட்டு வயதைத் தாண்டியவர் வீட்டிலும் ஊரிலும் தன்னிச்சையாக வாழத் தேவையான திறன்களை அது பார்க்கிறது. இந்தியச் சூழலில் பெரியவர்களைப் பெரியவர்களாகவே வைத்து எழுதப்பட்ட முக்கியமான கருவி அது. ஆனாலும் அதன் நோக்கமும் பயிற்சிதான். முதுமையில் வரும் இழப்பைப் பிடிப்பது அதன் வேலையாக இருக்கவில்லை.

சான்றிதழும் சதவீதமும்

1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனவளர்ச்சிக் குறைபாட்டைத் தன் வரையறையிலிருந்து விலக்கியது. காப்பகத்திலிருந்து விடுதலை என்ற வகையில் அது நல்லதே. 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்தக் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்து, குறைந்தது 40 சதவீதம் என்ற எல்லையை வகுத்தது. அதன் பிறகு மதிப்பீடு என்ற சொல் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சான்றிதழ் என்றே பொருள்பட்டது. மதுரை வட்டாரத்தில் அது அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, முகாம் நடக்கும் இடத்துக்கோ ஒரு நாள் போய்வருவது.

2018 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், சமூக முதிர்ச்சி அளவுகோலின் மதிப்பெண்ணைச் சதவீதமாக மாற்றும் முறையை வகுத்தன. லேசான குறைபாட்டுக்கு 50, நடுத்தரத்துக்கு 75, கடுமையானதற்கு 90, மிகக் கடுமையானதற்கு 100 சதவீதம். அந்த நெறிகளின்படி, குழந்தைக்குத் தரும் சான்றிதழை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18 வயதில் தரப்படுவது வாழ்நாள் முழுவதும் செல்லும். திரும்பத் திரும்ப அலைய வைக்காமல் இருக்க இந்த விதி உதவுகிறது. அதே சமயம், பதினெட்டுக்குப் பிறகு அந்த நபரை யாரும் மறுபடி உட்கார வைத்துப் பார்க்க வேண்டிய கட்டாயமும் அதோடு முடிந்துவிடுகிறது. ஒருவருடைய வாழ்க்கையின் கடைசி முறையான பதிவு அவர் பதினெட்டு வயதில் எப்படி இருந்தார் என்பதாகவே நின்றுவிடுகிறது.

சான்றிதழின் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை அதை வைத்தே வருகிறது. 2023 ஜனவரி முதல் அது மாதம் 2,000 ரூபாய். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பதினெட்டு வயது கடந்தவருக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்கிறது. எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது என்று பெற்றோர் கேட்கும் கேள்விக்கு அரசு தந்த முதல் பதில் அந்தச் சட்டம். ஆனால் யார் பார்ப்பது என்பது தெரிந்த பிறகும், எதைப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

முதுமை வந்தபோது

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தக் கேள்வி எழாததற்குக் காரணம், பலர் முதுமை வரை வாழவில்லை. டவுன் நோய்க்குறியோடு பிறந்தவர்களின் சராசரி ஆயுள் 1929-ல் மேலை நாடுகளில் ஒன்பது வயது என்று கணக்கிடப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இதய அறுவை சிகிச்சையும் வந்த பிறகு அந்த நாடுகளில் அது அறுபதை நெருங்கியது. ஆயுளோடு கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இவர்களில் சிலருக்கு முதுமை சீக்கிரம் வருவதை 1876-லேயே ஃப்ரேசரும் மிட்செலும் குறித்திருந்தார்கள். 1959-ல் ஜெரோம் லெஜூன் இந்த நிலைக்குக் காரணம் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது என்று காட்டினார். அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்துக்கான மரபணுவும் அதே குரோமோசோமில் இருப்பது 1987-ல் தெரிந்தது. டவுன் நோய்க்குறி உள்ளவர்களின் மூளையில் நாற்பது வயதுக்குள்ளேயே அந்தப் படிவுகள் காணப்படுகின்றன. அறுபதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மறதி நோய் வருகிறது. இதனால் இந்தத் துறையில் முதுமை நாற்பதிலிருந்தே தொடங்குவதாகக் கொள்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் முதுமையைத் தொடர்ந்து பார்த்துவரும் அயர்லாந்து நாட்டு ஆய்வும், டப்ளின் டிரினிடி கல்லூரியின் மேரி மெக்கரன் தலைமையில், நாற்பது வயதைக் கடந்த 753 பேரோடுதான் தொடங்கியது.

சாதாரண முதியவருக்கு மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்க, 1975-ல் வந்த ஃபோல்ஸ்டீனின் முப்பது மதிப்பெண் சோதனை உலகெங்கும் புழங்குகிறது. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழைக் கழி என்று அது கேட்கும். வாழ்நாளில் தேதியே சொல்லாதவரிடம், கழித்தல் கற்காதவரிடம் அந்தக் கேள்விகள் எதையும் காட்டா. அறிவுசார் குறைபாடு இல்லாத, பள்ளிக்கே போகாத கிராமத்து முதியவர்களிடமும் இதே சிக்கல் எழுந்தது. 1998-ல் கொச்சியில் உருவான 10/66 ஆய்வுக் குழு, சென்னை, வேலூர் உள்ளிட்ட இடங்களில் வீட்டார் சொல்லும் விவரத்தையும் சேர்த்துக்கொள்ளும் முறையைச் சோதித்துப் பார்த்தது. உலகின் மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 சதவீதம், வளரும் நாடுகளில் இருந்தும், ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதையே அந்தக் குழுவின் பெயர் சொல்கிறது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஷோமித்ரோ தேப் 2007-ல் வெளியிட்ட 53 கூறுகள் கொண்ட பட்டியல் இந்தச் சிக்கலுக்கு ஒரு தெளிவான வழி கண்டது. பெரும்பாலான கூறுகளுக்கு அது மூன்று பதில்களைப் பிரிக்கிறது. எப்போதும் இப்படித்தான்; முன்பும் இருந்தது, இப்போது மோசமாகிவிட்டது; இது புதிதாக வந்தது. வழி மறப்பவர் எப்போதுமே வழி மறப்பவரானால் அதில் செய்தி இல்லை. முப்பது ஆண்டுகள் தனியாகக் கடைக்குப் போய்வந்தவர் இப்போது வழி மறந்தால் அது செய்தி. அமெரிக்காவில் இந்தப் பட்டியலை ஒட்டி உருவான இன்னொரு படிவத்தை, டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு நாற்பது வயதிலிருந்து ஆண்டுதோறும் நிரப்பச் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. முதியவரை ஒப்பிட வேண்டியது ஊராரோடும் அல்ல, பதினைந்து வயதுப் பிள்ளையோடும் அல்ல, முன்பிருந்த அவரோடு.

ஊரும் வீடும் சேர்த்து அளப்பது

இந்த ஒப்பீட்டை ஒத்தக்கடை போன்ற ஊரில் செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. யானைமலையை ஒட்டிய பழைய கிராமத்தின் முகம் சில பத்தாண்டுகளில் வேறாகிவிட்டது. 1965-ல் வேளாண்மைக் கல்லூரி வந்தது, 2004-ல் அருகே உயர் நீதிமன்றக் கிளை திறந்தது, வயல்கள் மனைகளாயின, மேலூர்ச் சாலை நான்குவழிச் சாலையாயிற்று. முன்பு சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போய்வந்த ஒருவர் இப்போது போவதில்லை என்றால், ஊரை அறிதல் என்ற துறையில் அவருடைய மதிப்பெண் குறையும். அந்த இழப்பு அவருடைய மூளையில் நேர்ந்ததா, சாலையில் நேர்ந்ததா என்று பிரித்துப் பார்க்காத மதிப்பீடு தவறான முடிவுக்கே கொண்டுபோகும். சில்லறை எண்ணத் தெரிந்தவர், கடையில் எல்லாரும் கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்தும் நாளில் பணம் என்ற துறையிலும் பின்தங்கியவராகத் தெரிவார்.

நேரத்தைப் பற்றிய கேள்வியும் இப்படித்தான். தேதியும் மாதமும் சொல்லாத மதுரைப் பக்கத்து முதியவரிடம், அழகர் ஆற்றில் இறங்கியாயிற்றா, இனிமேல்தானா என்று கேட்டால் பதில் வரும். நுண்விரல் வேலைக்குப் பாசிமணி கோக்கச் சொல்வதைவிடப் பூக்கட்டுவதைப் பார்ப்பது பயனுள்ளது. மல்லிகை கட்டிப் பழகிய கை முன்பு எவ்வளவு நேரத்தில் ஒரு முழம் கட்டியது, இப்போது எவ்வளவு ஆகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தகவல் தருபவர் யார் என்பதும் முக்கியம். தாய் ஒரு பதில் சொல்வார், அண்ணி வேறு பதில் சொல்வார். எல்லாம் அவனே செய்துகொள்வான் என்று தாய் சொல்லும்போது, அதில் அவர் எடுத்துவைத்த துணியும், பிசைந்து வைத்த சோறும் கணக்கில் வராமல் போகலாம். அந்தத் தாய் இறந்தபின், மகனுடைய திறன் ஒரே மாதத்தில் சரிந்துவிட்டதுபோல் தெரியும். பல சமயம் திறன் சரிந்திருக்காது. தாயின் கை மறைத்திருந்த குறை வெளியே வந்திருக்கும். அதனால் செய்ய முடியுமா, உண்மையில் செய்கிறாரா, யார் எவ்வளவு உதவுகிறார்கள் என்ற மூன்றும் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டும். தாயை இழந்த துக்கமும் கூடவே இருக்கும். பேச்சு குறைவான ஒருவரிடம் அது சாப்பாடு மறுப்பதாகவோ, இரவெல்லாம் நடப்பதாகவோ, கையைக் கடிப்பதாகவோ வெளிப்படும்.

இந்த மாற்றங்களை எல்லாம் அவருடைய குறைபாட்டின் பகுதியாகவே எண்ணி விட்டுவிடும் பழக்கத்தை உளவியலாளர் ஸ்டீவன் ரைஸ் குழுவினர் 1982-ல் ஆய்வு செய்து காட்டினார்கள். குறைபாடு என்ற பெயர், கூட வந்த நோயை மறைத்துவிடுகிறது. ஐம்பது வயதுக்காரர் திடீரென முரட்டுத்தனமாக நடந்தால் பல்வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காதில் அடைப்பு எல்லாம் முதலில் பார்க்கப்பட வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு அதிகம். அது மந்தத்தையும் மறதியையும் கொடுத்து மறதி நோய் போலவே தோற்றமளிக்கும். கண்புரையும் அவர்களுக்குச் சீக்கிரம் வருகிறது. வெளியே போக மறுப்பது, படியில் தயங்குவது, தட்டைத் தட்டிவிடுவது ஆகியவை நடத்தைப் பட்டியலில் பிரச்சினைகளாக ஏறுவதற்கு முன், கண் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் மதுரையில் அதற்கு வசதிக் குறைவு இல்லை. வலிப்பு மருந்துகளும், அமைதிப்படுத்தத் தரும் மருந்துகளும் பல ஆண்டுகள் மாற்றமின்றித் தொடரும்போது அவையே நடையையும் நினைவையும் கெடுக்கலாம்.

செய்யும் வரிசை

இந்த வரலாறு கற்றுத்தந்தவற்றைத் தொகுத்தால் முதிய வயது மதிப்பீட்டுக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. முதலில் உடல்நலம்: கண், காது, பல், தைராய்டு, வலி, மருந்துகள். அடுத்து வாழ்க்கை மாற்றங்கள்: வீடு மாறியது, பெற்றோர் இறந்தது, தொழில் நின்றது, பழகிய ஆசிரியரோ பணியாளரோ போய்விட்டது. மூன்றாவதாக அன்றாடத் திறன், துறை வாரியாக, ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டும் நேரில் பார்த்தும். நான்காவதாக நடத்தை: எப்போது, எங்கே, எதற்கு முன், எதற்குப் பின். கடைசியாக மறதி நோய்க்கான பட்டியல், புதிது எது பழையது எது என்ற பிரிவோடு. நுண்ணறிவு ஈவை மறுபடி எடுப்பதால் இந்த வயதில் அதிகப் பயன் இல்லை. 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் கையேடே குறைபாட்டின் கடுமையை ஈவால் அளப்பதை விட்டு, அன்றாடத் திறனால் அளக்கத் தொடங்கிவிட்டது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பதிவு ஒன்று தேவை. நாற்பது வயதில் அவர் எப்படி இருந்தார் என்பது எழுதி வைக்கப்படாவிட்டால், ஐம்பத்தைந்தில் எதை இழந்தார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எம்.டி.பி.எஸ். தாள்கள் சிறப்புப் பள்ளிகளில் பல்லாண்டுகளாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. குழந்தைக்காகச் செய்த அந்தக் கருவி முதியவருக்கான அளவுகோல் ஆகாது. ஆனால் அதன் பழைய தாள்கள் அந்த முதியவரின் இளமைக்குச் சாட்சி. பள்ளியை விட்டு வரும்போது அந்தத் தாள்களின் நகலைக் குடும்பத்திடம் கொடுப்பதும், டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு முப்பத்தைந்து வயதிலும் மற்றவர்களுக்கு நாற்பது வயதை ஒட்டியும் புதிய அடிப்படைப் பதிவு ஒன்று எடுப்பதும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதும் செலவு அதிகம் கேட்காத வேலைகள். பயிற்சி பெற்ற ஒரு சிறப்பாசிரியரும், மதிப்பிடப்படுபவரை நன்கு அறிந்த இருவரும், ஒரு பிற்பகலும் இருந்தால் அது முடியும். பதினெட்டு வயதில் தரும் சான்றிதழை வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாக்குவது குடும்பத்தின் அலைச்சலைக் குறைக்கிறது. அந்த வயதில் எடுத்த அளவையே வாழ்நாள் முழுவதற்கும் போதுமென விட்டுவிடுவது அந்த மனிதரைக் கைவிடுவதாகும்.